நான்காம் எண்

என் வேலை கறுப்புத் திரைக்குப் பின்னால்.
அறுபத்திரண்டு கிலோ ஆம்ப்ளிஃபையரை
முழங்காலால் நெம்பி நகர்த்தி,
சாரைப்பாம்புத் தடிமனில் கம்பிகளைப் பிடுங்கிச் செருகி,
'தயார்' என்று சொல்லாமல்
தரையை இருமுறை தட்ட வேண்டும்.
குரலில்கூடப் பெயர் கசிந்துவிடுமாம்.

லிம்ஃபியோர்டு கரையில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
பழைய மீன்கிடங்கில் கம்பளியும் மரச்சட்டமும் அறைந்து
கேட்கும் அறையாக்கியிருக்கிறோம்.
மழை பிடித்தால் ஹெர்ரிங் வாடை
சுவருக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.

இந்த ஆண்டின் சிறந்ததைச் சொல்ல
மூன்று நாற்காலி, மூன்று பேர், ஒரு நாய்.
விலையைச் சொல்லக்கூடாது. சொல்லவில்லை.
ஒன்றாம் எண்ணுக்கு என் வீட்டை விற்க வேண்டும்,
ஐந்தாம் எண்ணுக்கு
என் தம்பி வீட்டையும் சேர்த்து.

ட்ரூல்ஸ் கண்ணை மூடிக் கேட்பார்.
'வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவே
ஓர் ஆள் குடையோடு நடந்து போகலாம்' என்பார்.
அஸ்கெர் கண்ணை மூடுவதில்லை.
ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் பிறர் காதைச் சோதித்தவர்.
தன் வலது காது எங்கே நின்றுவிடும் என்பதைத்
தாளின் மூலையில் முதலிலேயே குறித்துவிடுவார்.

போடில் கொண்டுவந்தது ஓர் ஒலிநாடா.
இசை இல்லை. ஒரு கதவு.
கொண்டி சிக்கும், பிறகு விட்டுக்கொடுக்கும்.
மிதியடியில் பூட்ஸ், இடது, வலது.
பீங்கான் கிண்ணத்தில் சாவி.
பதினொரு நொடி.

'இதற்கா இவ்வளவு காசு?' என்றார் ட்ரூல்ஸ்.
'வயலின் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை.
இந்தக் கதவுப் பக்கத்தில்
பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.'

ஒன்றாம் எண்ணுக்கு அவள் சொன்னாள்:
'தேவாலயத்துக் கதவு. நாங்கள் அவ்வளவு வசதியில்லை.'
இரண்டு: 'சரிதான். ஆனால் சாவி புதுசு.'
மூன்றில் பூட்ஸ் வந்தது,
உள்ளே கால் இல்லை.

நான்கு.

அவள் பேனாவைத் திறப்பதற்குள்
நாற்காலிக்கடியில் கிடந்த லாபன் எழுந்தது.
பதினாலு வயது, இடுப்பு போன நாய்;
காலையில் காரிலிருந்து நான்தான் தூக்கி இறக்கினேன்.
கம்பளியைத் தாண்டிப் போய்,
கதவு முன்னால் நின்று,
வாலை ஆட்டியபடி நின்றது.

திரையின் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் கதவைத் திறக்கவில்லை.
யார் வர வேண்டும் என்று கேட்கவும் இல்லை.
போடில் மதிப்பெண் கட்டத்தைப் பார்த்தாள்,
வெகுநேரம்,
அது வேறு யாருடைய கையெழுத்தோ என்பதுபோல.

ட்ரூல்ஸ் நியாயஸ்தர்.
'ஒருதரம் நடந்தால் அது சோதனை இல்லை.'
தரையை இருமுறை தட்டினேன். மறுபடி நான்கு.
கொண்டி சிக்கியது, விட்டது. பூட்ஸ். சாவி.
லாபன் காதைக்கூட அசைக்கவில்லை.
முன்னங்கால்மேல் தாடையை வைத்தபடி
எங்கள் மூவரையும்,
திரையையும் சேர்த்து என்னையும்,
பார்த்தது.

விதிமுறையில் நாய்க்குக் கட்டம் இல்லை.
அரை மதிப்பெண்ணில் இரண்டாம் எண் வென்றது.
நல்ல பெட்டிதான், குறை சொல்ல மாட்டேன்.
அறிக்கையை நான்தான் எழுதினேன்:
'அகன்ற மேடை, நிதானமான அடித்தளம்.'
இரவு பத்துக்குக் காபி ஆறிப்போய்
எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

காலையில் பெட்டிகளைக் கட்டும்போது
இயந்திரத்திலேயே கிடந்தது அவள் நாடா.
போட்டுப் பார்க்கவில்லை.
போட்டுப் பார்த்தேன்.
நான்காம் எண்ணைப் பிரித்தாகிவிட்டது,
அதனால் அது வெறும் கதவு.

தபால் நிலையத்தில் ஒரு படிவம்.
உள்ளே இருக்கும் பொருள் என்ன?
'கதவு' என்று எழுதினேன்.
அந்தப் பெண் உறையைக் கையில் தூக்கிப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
தராசில் வைத்தாள்.